பசி வேறு, பற்று வேறு



பிறவி எடுத்த உயிர்கள் அனைத்திற்கும் பொதுவான உணர்வுகள் நான்கு என்று நம் ஆன்றோர் வகுத்தனர். உணவு, அச்சம், புணர்ச்சி, உடைமை ஆகிய இந்நான்கையும் சஞ்ஞைகள் என்பர். எறும்பு முதல் இந்திரன் வரை இவற்றிற்கு உட்படாத சம்சாரி இல்லை. இவற்றுள் முதலாவதாக ஆகார சஞ்ஞையை வைத்தமையே அதன் வலிமையைக் காட்டும். சிரவணபெளகுளத்தில் பாகுபலி பகவானின் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் பொருட்டு, 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரம் என்னும் பெருநூலை இயற்றினார். அதில் ஆகார சஞ்ஞை தோன்றுவதற்குக் காரணங்கள் நான்கு கூறப்படுகின்றன. உணவைக் காணுதல் ஒன்று. அதனையே நினைத்திருத்தல் இரண்டு. வயிறு வெறுமையாதல் மூன்று. உள்ளே அசாதா வேதநீய வினை உதீரணையாதல் நான்கு.

முதல் இரண்டும் கண்ணையும் மனத்தையும் பற்றியவை. அவற்றை ஓரளவு நாம் ஆள முடியும். பின் இரண்டும் நம்மைக் கேட்டு வருவன அல்ல. இவ்வேறுபாட்டை நம்மவர் பலர் மறந்துவிட்டனரோ என்னும் ஐயம் நமக்குச் சில காலமாகவே உண்டு. பருத்த உடலினர் ஒருவரைக் கண்டால், "நாக்கை அடக்கத் தெரியாதவர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நான்கு காரணங்களுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிடுவது ஏகாந்தவாதம் அன்றோ?

சென்ற தசலட்சண பருவத்தின்போது ஜினாலயத்தில் ஒரு தாய் தம் மகளை நம்மிடம் அழைத்து வந்தார். எட்டாம் வகுப்பு பயிலும் சிறுமி, சற்றே பருத்த உடல், தலை நிமிரவேயில்லை. "டீச்சரம்மா, இவளுக்கு எட்டு நாள் உபவாசம் சொல்லிக் கொடுங்க. புண்ணியமும் ஆச்சு, உடம்பும் இளைச்ச மாதிரி ஆச்சு" என்றார் அந்த அம்மையார். அருகிலிருந்த மூதாட்டியர் இருவர் நகைத்தனர். அவர்களுள் ஒருவரே சிறிது நேரத்திற்கு முன் அதே சிறுமியின் இலையில் நான்காவது அதிரசத்தை வற்புறுத்தி வைத்தவர். அந்தத் தாய்க்கு அன்று நாம் சொல்லியவற்றையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

முன்னதாக ஒன்று. விஞ்ஞானம் எதையேனும் கண்டறிந்தால், "இது எங்கள் ஆகமத்தில் முன்பே உள்ளது" என்று மகிழ்ந்து எழுதுவோர் உளர். அவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆகமம் வினையை நோக்கிப் பேசுகிறது. மருத்துவம் நரம்பையும் குருதியையும் நோக்கிப் பேசுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்றை மற்றொன்றிற்குச் சான்றாக்குவது இரண்டையும் சிறுமைப்படுத்தும்.

மூளையின் அடிப்புறத்தில், ஒரு வாதுமைப் பருப்பின் அளவினதாக ஹைபோதலாமஸ் என்னும் பகுதி உள்ளது. உடல் வெப்பம், தாகம், உறக்கம் ஆகியவற்றோடு பசியையும் அது மேற்பார்க்கிறது. அதன் நடுப்பகுதி பழுதுற்றால் விலங்குகள் அளவின்றி உண்டு பருக்கின்றன என்பது 1940இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டவராகிய பால் கிருஷ்ண ஆனந்த் அவர்களும் ஜான் பிரோபெக் என்பாரும், அதன் பக்கப்பகுதி பழுதுற்றால் உணவு முன்னே இருந்தும் விலங்குகள் உண்ணாமல் மடிகின்றன என்று காட்டினர். ஆனந்த் அவர்கள் பின்னாளில் புதுதில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். இவ்வுண்மைகள் எலிகளும் பிற உயிர்களும் உயிர் கொடுத்துப் பெற்றவை. அறிவை ஏற்றுக்கொள்ளும்போது அவ்வுயிர்களையும் நினைக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

உடலில் எவ்வளவு கொழுப்புச் சேர்ந்துள்ளது என்பதை மூளை எவ்வாறு அறியும்? இவ்வினாவிற்கு விடை 1994இல் கிடைத்தது. ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெப்ரி பிரீட்மன் குழுவினர், கொழுப்புத் திசுவே ஒரு ஹார்மோனைச் சுரந்து குருதி வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்று கண்டனர். அதற்கு லெப்டின் என்று பெயர். குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறதென்று பண்ணையாருக்கு நாள்தோறும் ஓலை அனுப்பும் கணக்குப்பிள்ளையைப் போன்றது அது. குதிர் நிறைந்திருக்கிறது என்னும் ஓலை வந்தால் மூளை பசியைத் தணிக்கும். ஓலை குறைந்தால் பசியைக் கிளப்பும். உடல் செலவிடும் ஆற்றலையும் சுருக்கும். 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்னும் மற்றொன்றைக் கண்டனர். அது வெறும் வயிற்றிலிருந்து எழுவது. உண்ணும் நேரம் நெருங்க நெருங்க மிகுவது.

ஓலையே வராவிட்டால் என்னாகும்? 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினர். நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் வழியில் பிறந்த அவ்விருவருக்கும் லெப்டினைச் செய்யும் மரபணு பழுதாகியிருந்தது. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி தணியவில்லை. அந்தச் சிறுமிக்கு லெப்டின் ஊசி வழியாகக் கொடுக்கப்பட்டபோது பசி அடங்கியது, எடையும் குறைந்தது என்று 1999இல் அதே மருத்துவர்கள் அறிவித்தனர். அக்குழந்தைக்கு யாரும் புலனடக்கம் போதிக்கவில்லை. இல்லாத ஒரு பொருள் ஊசியால் வந்தது, அவ்வளவே. (அத்தை மகன், மாமன் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கமுடைய நம் குடும்பங்கள், இத்தகைய பழுதுகள் உறவு மணத்தில் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.)

இத்தகைய குழந்தைகள் உலகில் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவதில்லை. கொழுப்பு மிகுந்திருப்பதால் அதுவும் மிகுந்தே இருக்கிறது. ஆயினும் மூளை அதற்குச் செவி சாய்ப்பதில்லை. ஓலைகள் குவிந்து கிடக்கின்றன, பண்ணையார் படிப்பதில்லை. குதிர் நிறைந்திருந்தும் பஞ்சம் வந்ததாகவே அவர் எண்ணுகிறார். இந்தச் செவிட்டுத்தன்மை ஏன் வருகிறது என்பதில் மரபுக்குப் பெரும்பங்கு உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய பருமன் பெற்றோருடைய பருமனை ஒத்திருந்ததேயன்றி, சோறூட்டி வளர்த்தவர்களுடையதை ஒத்திருக்கவில்லை என்று காட்டியது.

இனி, நம் சமயத்தார் தனியாகக் கருதத்தக்க ஒரு நிகழ்ச்சி. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில், கொல்லுதல் தகாது என்னும் கொள்கையால் படையில் சேர மறுத்த இளைஞர் பலர் இருந்தனர். அவர்களுள் 36 பேர், ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோரை எவ்வாறு மீட்பது என்று அறிவதற்காகத் தம் உடலையே சோதனைக்குக் கொடுக்க முன்வந்தனர். 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் அச்சோதனையைத் தொடங்கினார். பிற உயிரைக் கொண்டு சோதிக்காமல், கொல்லாமை நோன்பினர் தாமே முன்வந்து ஏற்ற துன்பம் அது. அவர்களை நாம் வணங்கத் தக்கவர்களாகவே கருதுகிறோம்.

24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே, நாளைக்கு இரு வேளை, கொடுக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி போன்றவையே உணவு. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, வெயிற்காலத்திலும் குளிரால் நடுங்கினர். உடலை விட மனம் மாறியதுதான் வியப்பு. உயர்ந்த குறிக்கோளோடு வந்த அவ்விளைஞர்கள் உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்க இயலாதவராயினர். சமையல் நூல்களைக் கதைநூல்கள் போல் படித்தனர், தட்டை நக்கினர், அற்ப காரணத்திற்குச் சினந்தனர். சோதனை முடிந்து வேண்டியமட்டும் உண்ணலாம் என்றபோது, பழைய அளவைப் போல் இருமடங்கு உண்டும் "பசி தீரவில்லை" என்றனர். இந்நிலை பல வாரங்கள் நீடித்தது. பலருக்குக் கொழுப்பு முன்பிருந்ததைக் காட்டிலும் மிகுதியாகவே திரும்பியது. இவற்றையெல்லாம் கீஸ் 1950இல் இரு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

போரையே மறுக்கும் மனவுறுதி உடையோர் இவர்கள். இவர்களுக்கு வைராக்கியம் இல்லை என்று யார் சொல்வார்? குதிர் வற்றியதென்று மூளை உணர்ந்தபோது அது உணவு நினைவைத் தானாகவே கிளப்பியது. குதிர் நிரம்பும் வரை விடவில்லை. பருத்தவர் எடை குறைத்தாலும் நிகழ்வது இதுவே. மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட செய்தி ஒன்று: பத்து வாரங்கள் கடுமையாக உணவைக் குறைத்து ஏறத்தாழ 13 கிலோ இழந்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், அவர்களுடைய லெப்டின் குறைந்தும், கிரெலின் மிகுந்தும், பசி பழைய நிலையினும் கூடியும் இருந்தது. பழைய எடையையே தன் உரிமை என்று மூளை காத்து நிற்கிறது. இளைத்தவர் மீண்டும் பருத்தால், "விரதத்தைக் காக்கத் தெரியவில்லை" என்று நகைப்பவர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பவ்ய ஜீவர்களே! எண்வினைகளை நம் சமயம் வகுத்த நுட்பத்தை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். பசித்துன்பத்தைத் தருவது வேதநீயம். உணவின் மேல் பற்றையும் பேராசையையும் விளைப்பது மோகநீயம். உடலின் வடிவையும் அமைப்பையும் ஆக்குவது நாமம். மூன்றும் வெவ்வேறு வினைகள். மெலிந்தவரிடம் மோகநீயம் தழைத்திருக்கலாம். பருத்தவரிடம் அது தேய்ந்திருக்கலாம். ஒருவருடைய நாமவினையின் பயனைக் கண்ணால் கண்டு, அவருடைய மோகநீயத்தின் அளவைச் சொல்ல நாம் என்ன அவதிஞானிகளா? கேவலியின் திருமேனிக்குப் பசியே இல்லை என்று நம் திகம்பர ஆசாரியர்கள் வாதிட்டு நிறுவியபோதும், மோகநீயம் அழிந்தபின் வேதநீயம் வலியிழக்கும் என்றுதான் கூறினர். மோகநீயம் முற்றும் அழியாத நம்மிடத்தில் வேதநீயம் தன் வேலையைச் செய்தே தீரும்.

சமந்தபத்திர சுவாமிகளின் சரிதம் இதற்கு விளக்கமாகும். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை நமக்கு அருளியவர் அவர். தமிழில் அருங்கலச்செப்பு என நாம் ஓதுவது அந்நூலின் வழி வந்ததே. மாமுனிவராகிய அவருக்குப் பஸ்மக வியாதி உண்டாயிற்று. உண்டதெல்லாம் சாம்பலாவதுபோல் எரிந்து, பசி அடங்காத நோய் அது. பருமன் என்று கதை கூறவில்லை. அடங்காப் பசி என்றே கூறுகிறது. முனிவருக்குரிய ஒருவேளைக் கையுணவால் அப்பசியை எவ்வாறு தாங்குவது? சல்லேகனை ஏற்று உடலை விட அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். "உன்னால் தருமம் ஓங்க வேண்டியுள்ளது, முனிக்கோலத்தை விடுத்து நோயைத் தீர்த்துக்கொள், பின்னர் மீண்டும் தீட்சை பெறு" என்னும் கருத்தையே கூறி அனுப்பினார். சுவாமிகள் வேற்றுக்கோலம் பூண்டு அலைந்து, ஓர் அரசனின் கோயிலில் படைக்கப்பட்ட பெருந்திரளான உணவை நாள்தோறும் உண்டார். அவ்விடம் காசி என்று ஒரு கதையும், காஞ்சி என்று மற்றொரு கதையும் சொல்லும். நோய் தணியத் தணிய உணவு மிஞ்சலாயிற்று, உண்மை வெளிப்பட்டது. அப்போது அவர் சுயம்பு ஸ்தோத்திரம் பாட, சந்திரப்பிரப பகவானின் திருவுருவம் தோன்றியது என்பர்.

இக்கதையின் முடிவிலுள்ள அற்புதத்தையே நம் மேடைகளில் பெரிதாகச் சொல்வர். நமக்கோ குருவின் சொல்லே பெரிதாகத் தோன்றுகிறது. அவர் சீடரை நோக்கி "உன் நாவை அடக்கு" என்று கூறவில்லை. நோயை நோய் என்று கண்டார். மருந்தும் உணவும் தேடச் சொன்னார்.

அப்படியாயின் அடக்கம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கோம்மடசாரம் கூறிய முதல் இரு காரணங்களும் நம் வீட்டினுள்ளேதான் உள்ளன. மூளையில் பசியை அளக்கும் பகுதி வேறு. சுவையை நாடும் பகுதி வேறு. வயிறு நிறைந்தபின்பும் இனிப்பைக் கண்டால் இடம் உண்டாவது பின்னதன் வேலை. கடைப் பொட்டலங்களை வாங்கும்போது பச்சைப் புள்ளி உள்ளதா, கிழங்கு சேர்ந்துள்ளதா என்று கண்ணாடி அணிந்து பார்க்கிறோம். உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 20 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆலைகளில் பெரிதும் பதப்படுத்திய உணவை விரும்பிய அளவு உண்ணலாம் என்றபோது, அவர்கள் வீட்டுமுறை உணவை உண்ட நாள்களைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். யாரும் வற்புறுத்தவில்லை, அவ்வுணவே வற்புறுத்தியது. உயிர்க்கொலை கலவாத உணவு என்பதால் மட்டும் அது மோகத்தை வளர்க்காது என்று ஆகிவிடாது.

புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்து அவமோதரியத்தை வைத்தனர் ஆன்றோர். ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் என்று நிறைவளவு கூறி, அதனிற் குறைய உண்பதே தவம் என்றனர். வயிற்றில் இரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெற்றிடம் என்று மூலாசாரம் முனிவர்க்கு விதிக்கிறது. இரைப்பை விரிவதை நரம்பும், குடலில் உணவு இறங்குவதை ஹார்மோன்களும் மூளைக்குச் சொல்லி நிறைவு தோன்றக் கால்மணிக்கு மேல் ஆகும். விரைந்து உண்பவர் அச்செய்தி வருமுன்பே நான்காம் பங்கையும் நிரப்பிவிடுகிறார். இரவுண்ணாமை குறித்தும் ஒரு சொல். அது உயிர்களைக் காக்க ஏற்ற விரதம், எடைக்காக ஏற்றதன்று. ஆயினும், ஒரே உணவை நான்கு மணிநேரம் தள்ளி உண்டபோது பசி மிகுந்தும் லெப்டின் தாழ்ந்தும் இருந்ததாக 2022இல் ஒரு சிறிய ஆய்வு, 16 பேரைக் கொண்டு, காட்டியுள்ளது. கதிர் சாயுமுன் உண்ணும் பழக்கத்தைப் பணிநேரம் காரணமாக விட்டுவிட்ட இளந்தம்பதியர் இதனை அறிவது நன்று.

நிறைவுணர்வை மூளையில் கூட்டும் ஊசிமருந்துகள் இப்போது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. அவற்றைச் சிராவகர் ஏற்கலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டோர் உண்டு. அக்காலத்து இன்சுலினைப் போல விலங்கின் உறுப்பிலிருந்து எடுக்கப்படுவன அல்ல இவை. செமாகுளுடைடை ஈஸ்ட் கொண்டும், டிர்செபடைடை வேதியியல் முறையாலும் ஆக்குகின்றனர். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்பக்கூடும் என்பதும், குமட்டல் முதலான துன்பங்கள் உண்டு என்பதும் அறிந்து, மருத்துவர் வேண்டுமென்று சொன்னால் ஏற்பதில் தவறு காணோம். தானங்கள் நான்கனுள் ஔஷத தானமும் ஒன்று. திருமணத்திற்குள் இளைக்க வேண்டும் என்று அழகுக்காகத் தேடுவது வேறு. அதனை நாம் ஒப்புவதில்லை.

அந்தச் சிறுமிக்கு எட்டு நாள் உபவாசம் வேண்டாம் என்றோம். வளரும் பிள்ளையை மினசோட்டா இளைஞர்களின் நிலைக்குத் தள்ளுவது தவமாகாது. உபவாசம் என்பது ஆன்மாவின் அருகே தங்குதல். எடைக்கருவியின் அருகே தங்குதல் அன்று. தைராய்டு முதலியவற்றை மருத்துவரிடம் சோதித்துப் பார்க்கும்படியும், பொட்டலத் தின்பண்டங்களைப் பத்து நாளும் வீட்டார் அனைவருமே ரசபரித்தியாகமாக விடும்படியும் தாயிடம் கூறினோம். அவள் ஒருத்தியை மட்டும் விலக்கி, மற்றவர் அவள் எதிரில் கொறிப்பது கொடுமை. சிரித்த மூதாட்டியரிடம், அபய தானம் என்பது அச்சமின்றி ஒரு குழந்தை ஜினாலயத்திற்குள் வருவதற்கும் பொருந்தும் என்று மட்டும் சொன்னோம். அவர்கள் விரும்பினாரில்லை.

பெரியோர்க்கும் ஒன்று கூற வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் ஏற்கலாகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். அவர்க்கு ஏகபுக்தமும் ரசபரித்தியாகமும் உள்ளன. ஏகபுக்தத்திற்கும் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதனையும் கேட்டறிக. உபவாசம் முடித்தோர்க்குப் பாரணையன்று நெய்யொழுகும் பொங்கலும் வடையும் இனிப்புமாக இலை நிறைப்பதை உபயதாரர்கள் சற்றே மாற்றிக்கொள்ளலாம். பட்டினி கிடந்த மூளை அன்று எதையும் அளவறியாது ஏற்கும். முதலில் நொய்க்கஞ்சியும், வேகவைத்த காயும் கொடுங்கள். பின் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், இலையிலிருந்து எழுந்து ஸ்தோத்திரம் ஓதியிருக்கட்டும். அதன் பின்னும் பசி இருந்தால் மறுபடி பரிமாறுங்கள்.